பல் வலிக்கு எந்த மாத்திரை? அப்பாவோட சட்டைப் பையில இருந்த காகிதக் கவர்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்ன காகிதக் கவர்ல இருந்து ஆரம்பிக்குது. மெடிக்கல் ஷாப்ல "ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்கண்ணா"ன்னு கேட்டா, அட்டையைக் கத்தரியால வெட்டி ஒரு வெள்ளைக் கவர்ல போட்டுக் கொடுப்பாங்களே, அந்தக் கவர்.

எங்க வீடு கச்சிராயபாளையம் பக்கம். கல்வராயன் மலை ஏறுற அடிவாரம். அப்பா மினி வேன் ஓட்டுறார். வெள்ளிமலைப் பக்கத்து கிராமங்கள்ல இருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு எடுத்துக் கீழ இறக்குவார். போன தை மாசம், கிழங்கு சீசன் உச்சத்துல இருக்கும்போது அவருக்குக் கீழ்க் கடவாய்ப் பல் வலிக்க ஆரம்பிச்சிருக்கு. பல் டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் ஓட்டம் போயிடும். அதனால மெடிக்கல் ஷாப். ரெண்டு வேளைக்கு வாங்கினார், வலி நின்னுச்சு. மறுநாள் ராத்திரி திரும்ப வந்துச்சு, திரும்ப வாங்கினார். இப்படியே ஒன்பது நாள்.

நான் பெங்களூர்ல இருந்து போன்ல கேட்டப்போ, "ஒன்னும் இல்லப்பா, பல்லுதான். மாத்திரை போட்டுட்டேன், சரியாயிடும்"னார். நானும் சரின்னு விட்டுட்டேன். பத்தாவது நாள் அம்மா கூப்பிட்டு, "அப்பாவுக்குக் கால் ரெண்டும் வீங்கியிருக்குடா, சரியா ஒன்னுக்கும் போகலையாம்"னாங்க. கள்ளக்குறிச்சியில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தா கிரியாட்டினின் 2.3. சிறுநீரகம் ரத்தத்தை ஒழுங்கா வடிகட்டலைன்னு அர்த்தம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க ஐயா?" அப்பா சட்டைப் பையில இருந்து அந்தக் கவரை எடுத்து நீட்டினார்.

நான் சாப்ட்வேர் ஆளு, டாக்டர் இல்ல. ஆனா அந்தக் கவர்ல இருந்த ஒவ்வொரு மாத்திரையும் என்ன, எதுக்கு, அப்பாவுக்கு எது ஒத்துக்கலைன்னு அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பல் டாக்டர்கிட்டயும் கேட்டுத் தெளிவாக்கிக்கிட்டேன். அதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

முதல்ல, பல் ஏன் இவ்வளவு வலிக்குது?

கையில அடிபட்டா அந்த இடம் வீங்கும். வீங்க இடம் இருக்கு. பல்லுக்கு நடுவுல பல்ப்னு ஒரு மென்மையான பகுதி இருக்கு. நரம்பும் ரத்தக் குழாயும் அதுக்குள்ளதான் ஓடுது. சுத்தி நாலு பக்கமும் கல்லு மாதிரி சுவர். சொத்தை ஆழமாப் போய் அந்த பல்ப் அழற்சி ஆனா, வீங்க இடம் கிடையாது. உள்ள அழுத்தம் ஏறுது, நரம்பு கத்துது. படுத்தா தலைப் பக்கம் ரத்த ஓட்டம் கூடுறதால ராத்திரி வலி இன்னும் அதிகமாகுது. ரெண்டு தலையணை வெச்சுப் படுத்தா கொஞ்சம் தேவலாம்னு தோணுறது இதனாலதான்.

இந்த அழற்சியில புராஸ்டாகிளாண்டின்னு ஒரு வேதிப்பொருள் உற்பத்தியாகுது. வலி நரம்பை ரொம்ப உஷாராக்கி விடுறது அதுதான். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, சிறுநீரகக் கதையில திரும்ப வரும்.

கவர்ல முதல் மாத்திரை: வலி மாத்திரை

அப்பாவோட கவர்ல இருந்தது மூணு மருந்து கலந்த ஒரே மாத்திரை. அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால், செர்ரேஷியோபெப்டிடேஸ். நம்ம ஊர்ல ரொம்பப் பரவலா கிடைக்கிற கூட்டணி இது.

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், கெட்டோரோலாக் எல்லாமே ஒரே குடும்பம். ஆங்கிலச் சுருக்கத்துல என்எஸ்ஏஐடி. இதெல்லாம் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே குறைக்கும். பல் வலி அடிப்படையில அழற்சி வலிங்கிறதால, இந்தக் குடும்பம் பல்லுக்கு நல்லா வேலை செய்யும். பாராசிட்டமால் வேற மாதிரி. அது பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பக்கம் வேலை செய்யுது, அழற்சியைப் பெருசா குறைக்காது. ரெண்டும் வேற வேற வழியில போறதால, சேர்த்துப் போட்டா தனித்தனியா போடுறதை விட நல்ல பலன் கிடைக்கும்.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். உலகத்துல வலி மாத்திரைகளைச் சோதிக்க அதிகமா பயன்படுத்துற முறைகள்ல ஒன்னு, ஞானப் பல் எடுத்த பிறகு வர்ற வலிதான். அதனால பல் வலிக்கு எது வேலை செய்யும்ங்கிறதுக்கு நம்மகிட்ட நல்ல ஆதாரம் இருக்கு. அமெரிக்க பல் மருத்துவச் சங்கம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, பெரியவங்களோட திடீர் பல் வலிக்கு முதல் தேர்வு ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராம் மாதிரி என்எஸ்ஏஐடி. அதைத் தனியாவோ, பாராசிட்டமால் 500 கூடச் சேர்த்தோ எடுக்கலாம். என்எஸ்ஏஐடி ஆகாதவங்களுக்கு முழு அளவுல பாராசிட்டமால் மட்டும். இது சாதாரண மாத்திரைதானே, இதுல என்ன பெருசா கேட்கப் போகுதுன்னு நினைக்காதீங்க. இந்தக் கூட்டணி, போதை வகை வலி மருந்துகளுக்குச் சளைச்சதில்ல.

அப்போ செர்ரேஷியோபெப்டிடேஸ்? நம்ம கடைகள்ல "வீக்க மாத்திரை"ன்னு சொல்லித் தருவாங்க. ஜப்பான்ல இதைப் பல வருஷம் வித்த டகேடா நிறுவனம், மருந்தே இல்லாத போலி மாத்திரையோட ஒப்பிட்டுப் பார்த்தப்போ வித்தியாசம் தெரியலைன்னு 2011-ல தானாவே வாபஸ் வாங்கிடுச்சு. இங்க இன்னும் ஓடிட்டிருக்கு.

அப்பாவோட சிறுநீரகத்துல என்ன நடந்துச்சு?

அப்பாவுக்கு ஆறு வருஷமா பிபி. தினமும் ஒரு மாத்திரை. அந்த ஒரு மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்து: டெல்மிசார்டான், அதோட சிறுநீரை அதிகம் போக வைக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு. பிபி மாத்திரை அட்டையில பேருக்குப் பின்னாடி "எச்"னு ஒரு எழுத்து இருந்தா பெரும்பாலும் இந்த ரெண்டாவது மருந்துதான்.

சிறுநீரக வடிகட்டிக்கு உள்ள வர்ற ஒரு குழாய், வெளிய போற ஒரு குழாய். வடிகட்ட அழுத்தம் வேணும். உள்ள வர்ற குழாயைத் திறந்து வெச்சிருக்கிறதுல புராஸ்டாகிளாண்டினுக்குப் பங்கு இருக்கு. வலி மாத்திரை அதைக் குறைக்குது, வரத்துக் குழாய் சுருங்குது. டெல்மிசார்டான் வெளிய போற குழாயை அகலமாக்குது. சிறுநீர் மருந்து மொத்தத் தண்ணியையே குறைக்குது. வரத்து கம்மி, போக்கு அதிகம், தொட்டியிலயும் தண்ணி இல்ல. கூடவே அப்பா ஓட்டத்துல இருக்கும்போது சரியா தண்ணி குடிக்க மாட்டார். வடிகட்டியில அழுத்தம் விழுந்துடுச்சு. அவ்வளவுதான்.

ஒரு நாள், ரெண்டு நாள்னா பெரும்பாலானவங்களுக்கு ஒன்னும் ஆகாது. ஒன்பது நாள்ங்கிறதுதான் பிரச்சினை.

டைக்ளோஃபெனாக் பத்தி இன்னொரு கதை இருக்கு. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்த பிறகு இறைச்சியைத் தின்ன பாறு கழுகுகளோட சிறுநீரகத்தைச் செயலிழக்க வெச்சு, இந்தியா முழுக்க அந்த இனத்தையே அழிவு விளிம்புக்குக் கொண்டு போச்சு. அதனால கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-ல தடை வந்துச்சு. மனுஷ உடம்பு கழுகு உடம்பு மாதிரி இல்ல, பயப்பட வேண்டாம். ஆனா "வெறும் வலி மாத்திரைதானே"ன்னு நான் இப்ப சொல்றதில்ல.

ரெண்டாவது மாத்திரை: ஆன்டிபயாட்டிக்

கவர்ல அமாக்ஸிசிலின் கேப்சூல் இருந்துச்சு. வலின்னா கிருமி, கிருமின்னா ஆன்டிபயாட்டிக். நம்ம எல்லாருக்கும் இருக்கிற கணக்கு இது. பல்லுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு.

பல்ப் அழற்சியில வர்ற வலியை ஆன்டிபயாட்டிக் குறைக்காது. அது வலி மருந்தே கிடையாது. பல்ப் செத்துப் போயிருந்தா அங்க ரத்த ஓட்டமே இருக்காது. மாத்திரை ரத்தத்துல ஏறித்தான் போகணும், ரோடே இல்லாத ஊருக்கு பஸ் எப்படிப் போகும்? கிருமி பல்லுக்குள்ளயே உட்கார்ந்திருக்கும். அதைச் சுத்தம் பண்ண வேர் சிகிச்சை பண்ணணும், இல்லேன்னா பல்லை எடுக்கணும். அதே அமெரிக்கச் சங்கம் 2019-ல, நோய் எதிர்ப்பு சக்தி சரியா இருக்கிற பெரியவங்களுக்கு, பல் டாக்டரை உடனே பார்க்க முடியாத நிலையில கூட, பல்ப் அழற்சி வலிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம்னு சொல்லியிருக்கு.

அப்போ எப்போ வேணும்? சீழ் கட்டி, அது பல்லைத் தாண்டிப் பரவும்போது. முகம் வீங்குது, காய்ச்சல் வருது. அப்பவும் எந்த மருந்து, எத்தனை நாள்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். அட்டையில செங்குத்தா ஒரு சிவப்புக் கோடு இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்துன்னு அர்த்தம். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது அந்தக் கோடும் போயிடுது, மருந்து பேரும் போயிடுது, காலாவதி தேதியும் போயிடுது.

ரெண்டு வேளைக்கு மட்டும் போட்டு நிறுத்துற ஆன்டிபயாட்டிக்கால பல்லுக்கு லாபம் இல்ல. உடம்புல இருக்கிற மத்த கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிக் கொடுக்கிறோம். நாளைக்கு நிஜமாவே நிமோனியா வந்தா அப்போ அது கேட்காமப் போகலாம்.

மூணாவது, நாலாவது: கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை

பான்டோபிரசோல் வயித்துப் புண் வராம ஓரளவு காப்பாத்தும். ஆனா "கேஸ் மாத்திரை சேர்த்துத்தானே போடறேன்"னு தைரியமா பத்து நாள் போடாதீங்க. அது வயித்துக்கு மட்டும்தான், சிறுநீரகத்தைக் காப்பாத்தாது. பி காம்ப்ளெக்ஸ்? பல் வலிக்கு அதால எந்தப் பயனும் இல்ல.

சரி, ராத்திரி 11 மணிக்கு வலி வந்தா என்ன பண்றது?

வேற எந்த நோயும் இல்லாத, வேற மாத்திரை எதுவும் சாப்பிடாத பெரியவங்கன்னா: சாப்பிட்டுட்டு ஐபுபுரோஃபென் 400, கூட பாராசிட்டமால் 500. அடுத்த வேளைக்குக் குறைஞ்சது 6 மணி நேரம் இடைவெளி. டாக்டர் சொல்லாம ஐபுபுரோஃபென் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது மூணு மாத்திரை. ரெண்டு, மூணு நாளுக்குள்ள பல் டாக்டரைப் பார்த்துடணும்.

பாராசிட்டமாலுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெரியவங்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4000 மில்லிகிராம். 650 மாத்திரை நாலு வேளை போட்டா 2600. பல்லுக்குன்னு வாங்கின கூட்டு மாத்திரையில 325 இருக்கும், மூணு வேளைக்கு 975. சளி மாத்திரையிலயும் 325 இருந்தா இன்னொரு 975. மொத்தம் 4550. மூணுமே வேற வேற பேர்ல இருக்கிறதால, வரம்பைத் தாண்டினதே நமக்குத் தெரியாது. கல்லீரலுக்குத் தெரியும். தினமும் குடிக்கிறவங்க, ரொம்ப ஒல்லியா இருக்கிறவங்க, கல்லீரல் நோய் இருக்கிறவங்களுக்கு வரம்பு இன்னும் கம்மி. அட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்கிற மருந்து பேரைப் படிங்க.

டாக்டரைக் கேட்காம என்எஸ்ஏஐடி பக்கமே போகக் கூடாதவங்க யாரு?

- சிறுநீரகப் பிரச்சினை, இதய நோய் இருக்கிறவங்க, பிபி மாத்திரை சாப்பிடறவங்க
- வயித்துப் புண், ரத்த வாந்தி வந்த அனுபவம் உள்ளவங்க
- ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் எடுக்கிறவங்க
- வலி மாத்திரை போட்டா இழுப்பு வர்ற ஆஸ்துமாக்காரங்க
- கர்ப்பிணிகள்
- பல் வலியோட காய்ச்சலும் இருந்து, டெங்குவா இருக்கலாம்னு சந்தேகம் உள்ளவங்க

இவங்களுக்கு டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான் பாதுகாப்பு. இன்னொரு விஷயம், பல் வலிக்காக பிபி மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. அது வேற வில்லங்கம்.

குழந்தைகளுக்கு எடையை வெச்சுத்தான் அளவு. பெரியவங்க மாத்திரையைப் பாதியா உடைச்சுக் கொடுக்காதீங்க. ஆஸ்பிரின் வேண்டாம். நிமசுலைட் 12 வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு இந்தியாவுல 2011-லயே தடை வந்தாச்சு.

பாட்டி வைத்தியம்?

கிராம்பு வேலை செய்யும். அதுல இருக்கிற யூஜெனால் நரம்பைக் கொஞ்ச நேரம் மரத்துப் போக வைக்கும். பல் டாக்டர்களே தற்காலிகமா பல் அடைக்கிற ஒரு பசையில யூஜெனாலைச் சேர்ப்பாங்க. ஆனா எண்ணெயைப் பஞ்சுல நனைச்சு மணிக்கணக்கா வெச்சா ஈறு வெந்துடும். ஒரு சொட்டு, பல்லு மேல மட்டும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறுல அடக்கி வெச்சாலும் அப்படியே வெந்து வெள்ளையாப் போயிடும். உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில கொப்பளிக்கிறது நல்லது, எந்தப் பாதகமும் இல்ல.

எங்க பக்கத்துல இன்னொரு வைத்தியம் உண்டு. சாராயத்தை வாயில அடக்கி வெச்சுக்கிறது. அது பல்ப் வரைக்கும் போகாது, வலி கேட்காது. அதோட 2024 ஜூன்ல மெத்தனால் கலந்த சாராயத்தால கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்தத் தெருக்களைப் பார்த்தவங்க யாரும் இனி மருந்துன்னு சொல்லி அதை வாயில வைக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.

எப்போ காத்திருக்கவே கூடாது?

முகமோ தாடைக்குக் கீழயோ வீக்கம் பரவுது, வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, நாக்கு மேல தூக்கிக்குது, மூச்சு விட சிரமமா இருக்கு, கண்ணு பக்கம் வீங்குது. இதுல ஒன்னு இருந்தாலும் மாத்திரை தேடாதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. கீழ்த்தாடைப் பல்லுல இருந்து சீழ் கழுத்துக்கு இறங்கினா மூச்சுக் குழாயையே அடைச்சுடும். ராத்திரின்னாலும், மலை மேலன்னாலும் உடனே இறங்கணும்.

மலையில இருந்து பார்த்தா

பெங்களூர்லயும் சென்னையிலயும் இருக்கிற நமக்கு "மூணு நாளுக்குள்ள பல் டாக்டரைப் பாரு"ங்கிறது சுலபமான அட்வைஸ். ஆப்ல அப்பாயின்ட்மென்ட் போட்டுடுவோம். வெள்ளிமலையைத் தாண்டி உள்ள இருக்கிற ஒரு ஊர்க்காரருக்கு அது ஒரு நாள் கூலி, பஸ் நேரம், துணைக்கு ஒரு ஆள். கள்ளக்குறிச்சி 2019-ல தனி மாவட்டம் ஆச்சு, 2022-ல அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாச்சு. முன்னாடி மாதிரி விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியதில்ல. ஆனாலும் மலையில இருந்து இறங்கித்தான் வரணும். அந்த ஒரு நாளைத் தள்ளிப் போடத்தான் காகிதக் கவர் இருக்கு. எங்க அப்பாவும் அதுக்காகத்தான் வாங்கினார். கடைக்காரர் பிபி இருக்கான்னு கேட்கல, அப்பா சொல்லல, நான் போன்ல விசாரிக்கல. மூணு பேருமே "பல்லுதானே"ன்னு விட்டுட்டோம்.

வலி மாத்திரை ரெண்டு, மூணு நாள் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்துல பல்லைச் சரி பண்ணணும். பல் உள்ள செத்துப் போனா சில சமயம் வலி தானா நின்னுடும். சரியாயிடுச்சுன்னு நினைப்போம். உள்ள சீழ் வேலையைப் பார்த்துட்டிருக்கும்.

அப்பாவுக்கு அந்த வலி மாத்திரையை நிறுத்தி, ஆஸ்பத்திரியில நாலு நாள் வெச்சுப் பார்த்தாங்க. மூணு வாரம் கழிச்சு எடுத்த ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் 1.1. திரும்பி வந்துட்டார். எல்லாருக்கும் அப்படித் திரும்பாதுன்னு டாக்டர் சொன்னாங்க. அப்புறம் பல்லை எடுத்தாங்க. மரத்துப் போக ஊசி போட்டதோட சேர்த்து மொத்தமே அரை மணி நேரம். "இதுக்கா இவ்ளோ நாள் பயந்தேன்"னு அப்பா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

இன்னைக்கு எபிசோடு முடிஞ்சதும் ஒரு வேலை பண்ணுங்க. ஊருக்குப் போன் போட்டு, அம்மா அப்பா தினமும் சாப்பிடற மாத்திரை அட்டையோட பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதை உங்க போன்லயும் அவங்க போன்லயும் வெச்சுக்கோங்க. அடுத்த தடவை மெடிக்கல் ஷாப்ல நிக்கும்போது, "பல் வலிக்கு மாத்திரை குடுங்க"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி அந்த போட்டோவைக் காட்டச் சொல்லுங்க. "இதோட சேர்த்துச் சாப்பிடலாமா, எத்தனை நாள்?" இந்த ஒரு கேள்வி போதும். அட்டையை வெட்டாம முழுசாக் கொடுங்கன்னும் கேளுங்க.

பத்திரமா இருங்க மக்களே. அடுத்த வாரம் பார்க்கலாம்.